இலண்டன் கப்பற்றுறைகளின் வீழ்ச்சியும் மீளாக்கமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

துறைமுக நகரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் எழுச்சியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கப்பல்கள் வந்து குவிந்த காலம் பற்றியும், ஏறியிறங்கிய பண்டங்களின் அளவு பற்றியும், வணிகர் ஈட்டிய செல்வம் பற்றியும் விரிவான ஆய்வுகள் உள்ளன. கப்பல்கள் வராது விட்டபின் அத்துறைகளுக்கு என்ன நேர்ந்தது, அவற்றை நம்பி வாழ்ந்த மக்கள் என்ன ஆயினர் என்னும் வினாக்கள் பிற்காலத்திலேயே ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றன. 1960ஆம் ஆண்டுகளிலிருந்து மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நகர மையத்தை அடுத்திருந்த பழைய துறைகள் பல மூடப்பட்டன. பண்டகசாலைகள் பூட்டிக் கிடந்தன. பின்னர் அதே நீர்க்கரைகளிற் கண்ணாடிக் கட்டடங்களும் தொடர்மாடி வீடுகளும் உணவகங்களும் நூதனசாலைகளும் எழுந்தன. இம்மாற்றம் ‘புத்துயிர்ப்பு’ என்றும் ‘மீளாக்கம்’ என்றும் பெயர் பெற்றது.

உயிர் பெற்றது எது என்பதே ஈண்டு எழும் வினாவாகும். நிலமா, நிலத்தின் விலையா, அன்றி அந்நிலத்தில் வாழ்ந்த மக்களா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, இலண்டன் மாநகரின் கிழக்கே தேம்ஸ் நதியின் இரு மருங்கிலும் அமைந்த டொக்லண்ட்ஸ் பிரதேசம் தக்க எடுத்துக்காட்டாகும். பேரரசொன்றின் வணிகத் துறையாக அது விளங்கியமை, குறுகிய காலத்திற் கைவிடப்பட்டமை, பின்னர் அரசின் நேரடித் தலையீட்டால் நிதி நிறுவனங்களின் நகராக மாற்றப்பட்டமை ஆகிய மூன்று கட்டங்களும் அங்குத் தெளிவாகப் பதிவாகியுள்ளன. அன்றியும், இலங்கையின் பெருந்தோட்டப் பொருளாதாரம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் அத்துறைகளோடு பிணைந்திருந்தது. ஆகவே அவற்றின் வரலாறு இலங்கையருக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

மதிலுக்குள் அமைந்த துறைகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனுக்கு வந்த கப்பல்கள் நதியின் நடுவே நெருங்கி நங்கூரமிட்டுக் காத்துக் கிடந்தன. சுங்க வரிக்குரிய பண்டங்களை அதற்கென விதிக்கப்பட்ட சில இறங்குதுறைகளில் மட்டுமே இறக்கலாம் என்ற நிலை இருந்தது. இடநெருக்கடியும் களவும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சீனி கொண்டுவந்த வணிகரைப் பெரிதும் பாதித்தன. அவர்கள் ஒன்றுசேர்ந்து 1799இல் பாராளுமன்றச் சட்டமொன்றைப் பெற்றனர். அச்சட்டத்தின்படி ஐல் ஒவ் டோக்ஸ் எனப்படும் தீவகற்பத்தில் வெட்டப்பட்ட மேற்கிந்தியத் துறை 1802 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. இம்முயற்சிக்குத் தலைமை தாங்கியோருள் முதன்மையானவராகிய றொபேட் மில்லிகன் யமேக்காவிற் சீனித் தோட்டங்களையும் அடிமைகளையும் உடைமையாகக் கொண்டிருந்தவர்.

இத்துறையின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. நதியிலிருந்து மடைக்கதவுகளாற் பிரிக்கப்பட்ட செயற்கைத் தடாகங்களும், அவற்றின் கரையில் நெடுந்தொலைவுக்கு நீண்ட பண்டகசாலைகளும், அவை யாவற்றையும் சூழ்ந்து ஏறத்தாழ 20 அடி உயரமான மதிலும் கொண்டதாக அது விளங்கியது. மேற்கிந்திய வணிகப் பண்டங்கள் யாவும் அங்கேயே இறக்கப்படவேண்டும் என 21 ஆண்டு காலத் தனியுரிமையும் அதற்கு வழங்கப்பட்டது. நகரின் வாயிலில் இருந்தும் நகருக்குத் திறவாத இடமாகவே அது தோன்றியது எனலாம்.

இதனைப் பின்பற்றி 1805இல் வொப்பிங்கில் இலண்டன் துறையும், 1806இற் கிழக்கிந்தியத் துறையும் திறக்கப்பட்டன. 1828இல் இலண்டன் கோபுரத்தை அடுத்து அமைக்கப்பட்ட புனித கதரின் துறைக்காக 1,250 வரையிலான வீடுகள் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 11,300 பேர் தம் இருப்பிடத்தை இழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வாடகைக் குடிகளாதலின் இழப்பீடு எதுவும் பெறவில்லை. நீராவிக் கப்பலும் புகையிரதமும் வந்தபின் துறைகள் கீழ்நதியை நோக்கி விரிந்தன. 1855இல் றோயல் விக்ரோறியா, 1868இல் மில்வோல், 1880இல் றோயல் அல்பேட், 1886இல் ரில்பரி, 1921இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் துறை என அவை தொடர்ந்தன. தமக்குள் போட்டியிட்டு நலிவுற்ற தனியார் கொம்பனிகளின் துறைகளை 1909இல் இலண்டன் துறைமுக அதிகார சபை பொறுப்பேற்றது.

இத்துறைகளுக்கு வந்த பண்டங்களுள் இலங்கையின் கறுவாவும் கோப்பியும் தேயிலையும் அடங்கும். 1873இல் ஜேம்ஸ் ரெயிலரின் லூல்கந்துரத் தோட்டத்திலிருந்து 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டதாகக் குறிப்பர். கொழும்பில் 1883ஆம் ஆண்டு ஏல விற்பனை தொடங்கியபோதும், அதன் பின் நெடுங்காலம் உலகத் தேயிலை வணிகத்தின் மையமாக இலண்டனே விளங்கியது. தேம்ஸ் நதியின் தென்கரையில் 1870களில் எழுந்த பட்லேர்ஸ் வார்ஃப் பண்டகசாலைத் தொகுதி தேயிலைக்கும் வாசனைத் திரவியங்களுக்கும் பெயர்போனது. மலையகத்திற் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளியின் உழைப்பும் கீழை இலண்டனிற் பெட்டி சுமந்த தொழிலாளியின் உழைப்பும் ஒரே வணிகச் சங்கிலியின் இரு முனைகளாக இருந்தன.

வாயிலில் நின்ற தொழிலாளர்

துறைமுகத் தொழில் நிலையற்றது. காற்றையும் பருவத்தையும் சந்தையையும் பொறுத்துக் கப்பல்கள் வரும், வராதும் விடும். அந்நிச்சயமின்மையின் சுமையைக் கொம்பனிகள் தொழிலாளர் மீதே சுமத்தின. நாள்தோறும் துறையின் வாயிலில் ஆட்கள் திரண்டு நிற்க, மேற்பார்வையாளர் தமக்கு வேண்டியோரை மட்டும் சுட்டி அழைப்பார். ஏனையோர் வெறுங்கையுடன் வீடு திரும்புவர். அழைக்கப்பட்டோருக்கும் சில மணி நேர வேலையே கிடைப்பதுண்டு.

1889 ஓகஸ்ட்டில் மேற்கிந்தியத் துறையில் வெடித்த வேலைநிறுத்தம் இந்நிலைக்கு எதிரான முதற் பெரும் எழுச்சியாகும். பென் ரிலெற், ரொம் மான், ஜோன் பேர்ன்ஸ் ஆகியோர் அதனை வழிநடத்தினர். மணித்தியாலத்திற்கு ஆறு பென்ஸ் கூலி என்பதே அவர்களின் முதன்மைக் கோரிக்கை. ஆயிரக்கணக்கானோர் நகர வீதிகளில் ஊர்வலம் சென்றனர். அவுஸ்திரேலியத் தொழிலாளர் அனுப்பிய ஏறத்தாழ 30,000 பவுண் நிதி பட்டினியாற் போராட்டம் முறியாதவாறு காத்தது. ஐந்து வாரங்களின் பின் ஆறு பென்ஸ் கிடைத்தது. தேர்ச்சி பெறாத தொழிலாளரும் அமைப்பாகத் திரளமுடியும் என்பதை நிறுவியமையாற் பிரித்தானியத் தொழிற்சங்க வரலாற்றில் அப்போராட்டம் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகின்றது.

எனினும் நாட்கூலி முறை ஒழிவதற்கு மேலும் எண்பது ஆண்டுகள் வரை சென்றன. 1947இல் தேசிய துறைமுகத் தொழிலாளர் திட்டம் ஓரளவு பாதுகாப்பை அளித்தது. 1967இலேயே பதிவுபெற்ற தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் நிரந்தர வேலை உறுதிசெய்யப்பட்டது. மூன்று தலைமுறையினர் போராடிப் பெற்ற உரிமை கைக்கு வந்த அதே ஆண்டிற் கிழக்கிந்தியத் துறை மூடப்பட்டது.

கொள்கலனின் வருகை

1956 ஏப்பிரல் 26ஆந் திகதி ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 உலோகக் கொள்கலன்களுடன் அமெரிக்காவின் நியூவாக் துறைமுகத்திலிருந்து ஹியூஸ்ரனுக்குப் புறப்பட்டது. மல்கம் மக்லீன் என்னும் பாரவூர்திக் கொம்பனி உரிமையாளரின் முயற்சி அது. சாக்கும் பெட்டியும் பீப்பாவுமாக ஒவ்வொன்றாய் இறக்கப்பட்ட பண்டங்கள், அதன் பின் பூட்டிய பெட்டியாகவே கப்பலிலிருந்து பாரவூர்திக்கு மாறின. வழமையான முறையில் ஒரு தொன் பண்டத்தை ஏற்றுவதற்கு ஏறத்தாழ 5.86 டொலர் செலவாகிய இடத்திற் கொள்கலன் முறையில் ஏறத்தாழ 16 சதமே செலவாகும் எனக் கணிக்கப்பட்டது. இவ்வேறுபாட்டின் முன் பழைய துறைகள் நிலைத்து நிற்பது அரிதாயிற்று.

இலண்டனின் மேல்நதித் துறைகளுக்கு மேலும் சில இடர்கள் இருந்தன. அவற்றின் மடைக்கதவுகள் புதிய கப்பல்களுக்கு ஒடுக்கமானவை. கொள்கலன்களை அடுக்கிவைக்கும் பரந்த வெளி அங்கில்லை. கீழ்நதியிலுள்ள ரில்பரியில் அதிகார சபை கொள்கலன் மேடைகளை அமைத்தபோது, ஆட்குறைப்புக்கு அஞ்சிய தொழிற்சங்கம் 1968 தொடக்கம் 1970 வரை அவற்றிற் பணிபுரிய மறுத்தது. இதற்கிடையில், தேசியத் திட்டத்துக்குட்படாத பீலிக்ஸ்ரோவ் துறைமுகம் அவ்வணிகத்தைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. இதனைக் கொண்டு துறைகளின் மூடலுக்குத் தொழிலாளரே காரணம் என வாதிடுவோர் உளர். போராட்டம் குறைவாக இருந்த துறைமுகங்களிலும் நகர மையத்துத் துறைகள் கைவிடப்பட்டமை அவ்வாதத்தை வலுவிழக்கச் செய்கின்றது. தொழினுட்பத்தின் போக்கை மாற்ற எந்தத் தரப்பாலும் இயன்றிருக்காது. அம்மாற்றத்தின் விலையை யார் செலுத்துவது என்பதே தீர்மானிக்கக்கூடியதாக இருந்தது.

1960களின் முற்பகுதியில் ஆண்டுக்கு 60 மில்லியன் தொன் அளவிலான பண்டங்களைக் கையாண்ட துறைமுகம் அது. 1968இற் புனித கதரின், அதனையடுத்து இலண்டன் துறை, 1970இற் சரே துறைகள், 1980இல் மேற்கிந்தியத் துறையும் மில்வோலும், 1981இல் றோயல் துறைகள் என ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் அடைக்கப்பட்டன. ஆயின் இலண்டன் துறைமுகம் அழியவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அது ரில்பரிக்கும், பின்னர் 2013இல் திறக்கப்பட்ட இலண்டன் கேற்வேக்கும் இடம்பெயர்ந்தது. துறைமுகம் பெயர்ந்தபோது துறைமுகத் தொழிலாளரின் வீடும் பாடசாலையும் தேவாலயமும் உடன் பெயரவில்லை.

‘வெற்று நிலம்’ என்னும் கருத்து

மூடப்பட்ட துறைகளைப் பற்றி எழுதியோர் பலர் அவற்றைப் பாழ்நிலம் எனவும் வெற்று நிலம் எனவும் வருணித்தனர். தடாகங்களும் பண்டகசாலைகளும் வெறுமையாகவே கிடந்தன. ஆனால் அவற்றைச் சூழ 1981இல் ஏறத்தாழ 39,000 மக்கள் வாழ்ந்தனர். அவர்களது வீடுகளில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை உள்ளூராட்சி மன்றங்களின் வாடகை வீடுகள். வசதிக்குறைவு பற்றிய அவர்களின் குரல் புதியதுமன்று. 1970 மார்ச்சில் ஐல் ஒவ் டோக்ஸ் வாசிகள் பாலங்களை மறித்து, தம் தீவு ‘சுதந்திரம்’ அடைந்துவிட்டதாக அறிவித்தனர். ரெட் ஜோன்ஸ் என்பவர் அதன் சனாதிபதியாக அறிவிக்கப்பட்டார். பாடசாலையும் பேருந்தும் கடையும் போதாத ஒரு பகுதியை நகரம் மறந்துவிட்டது என்பதே அந்நகைச்சுவையின் உட்பொருளாகும்.

1973இல் வெளியான முதலாவது திட்ட அறிக்கை மக்கள் எதிர்ப்பாற் கைவிடப்பட்டது. 1974இற் பெரும் இலண்டன் மாநகர மன்றமும் உள்ளூராட்சி மன்றங்களும் இணைந்து டொக்லண்ட்ஸ் கூட்டுக் குழுவை அமைத்தன. அக்குழு 1976இல் வெளியிட்ட திட்டம் கைத்தொழில் வேலைகளையும் வாடகை வீடுகளையும் முதன்மைப்படுத்தியது. பொதுக்கூட்டங்களின் வழி உருவான அத்திட்டத்துக்கு வேண்டிய பணமோ நிலத்தின் மீதான அதிகாரமோ குழுவிடம் இருக்கவில்லை. பொருளாதார நெருக்கடி மிகுந்த ஆண்டுகளில் அரசின் செலவு சுருங்கியது. திட்டத்தின் பெரும்பகுதி தாளிலேயே நின்றுவிட்டது. பின்னர் வந்தவர்களுக்கு இத்தேக்கம் வலுவான வாதமாக அமைந்தது.

1979இற் பதவிக்கு வந்த மார்கரட் தச்சரின் அரசில் சுற்றாடல் அமைச்சராயிருந்த மைக்கல் ஹெசல்ரைன், 1980ஆம் ஆண்டின் உள்ளூராட்சி, திட்டமிடல், காணிச் சட்டத்தின் மூலம் நகர அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் என்னும் புதிய அமைப்பை உருவாக்கினார். அதன்படி 1981இல் இலண்டன் டொக்லண்ட்ஸ் அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. டவர் ஹம்லெட்ஸ், நியூஹாம், சதர்க் ஆகிய மூன்று மன்றங்களின் எல்லைகளிலிருந்து ஏறத்தாழ எட்டரைச் சதுர மைல் நிலப்பரப்பு அதன் பொறுப்பில் விடப்பட்டது. கட்டட அனுமதி வழங்கும் அதிகாரமும் காணி சுவீகரிக்கும் அதிகாரமும் மக்களால் தெரிவுசெய்யப்பட்ட மன்றங்களிடமிருந்து, அமைச்சரால் நியமிக்கப்பட்ட சபைக்கு மாறின. மன்றங்கள் பிரபுக்கள் சபையின் குழு முன் ஆட்சேபம் தெரிவித்தும் பயனில்லாது போயிற்று.

அச்சட்டம் இத்தகைய கூட்டுத்தாபனத்திற்கு விதித்த குறிக்கோள், தன் பிரதேசத்தின் புத்துயிர்ப்பை உறுதிசெய்தல் என்பதாகும். குறிக்கோளிற் குறிக்கப்பட்டது பிரதேசமே; அப்பிரதேசத்தின் மக்கள் அல்லர். அடுத்த பதினேழு ஆண்டுகளின் வரலாறு பெருமளவுக்கு இவ்வொரு சொல்லின் விரிவுரையாகவே அமைந்தது.

கனேரி வார்ஃப்

1982இல் ஐல் ஒவ் டோக்ஸின் ஒரு பகுதி பத்தாண்டு காலத்திற்குத் தொழில் முயற்சி வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கு வருவோருக்கு ஆதனவரி விலக்களிக்கப்பட்டது. கட்டட முதலீடு முழுவதையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது. கட்டட அனுமதி விதிகளும் தளர்த்தப்பட்டன. 1987இல் டொக்லண்ட்ஸ் இலகு புகையிரதப் பாதை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் றோயல் துறைகளின் நடுவே விமான நிலையமும் திறக்கப்பட்டது.

மேற்கிந்தியத் துறையில், கனேரித் தீவுகளின் பழங்களை இறக்குவதற்காக 1930களில் எழுந்த பண்டகசாலையொன்று கனேரி வார்ஃப் எனப் பெயர் பெற்றிருந்தது. அவ்விடத்திற் பெரும் அலுவலக நகரொன்றை அமைக்கும் யோசனை 1985இல் முன்வைக்கப்பட்டது. 1987இற் கனடாவின் றைக்மன் சகோதரர்களின் ஒலிம்பியா அன்ட் யோர்க் நிறுவனம் அதனைப் பொறுப்பேற்றது. 50 மாடிகளையும் 235 மீற்றர் உயரத்தையும் கொண்ட வன் கனடா ஸ்குயர் கோபுரம் 1991இல் நிறைவெய்தியது. அப்போது பிரித்தானியாவின் மிக உயர்ந்த கட்டடம் அதுவே. ஆனால் அலுவலக இடத்துக்கான கேள்வி சரிந்திருந்தது. 1992 மே மாதத்திற் கனேரி வார்ஃப் வங்குரோத்து நிலையடைந்து நிர்வாகிகளின் பொறுப்பிற் சென்றது. 1999இல் யூபிலி நிலக்கீழ்ப் பாதை வந்தபின்னரே அது உறுதியாக நிமிர்ந்தது. பின்னர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாள்தோறும் பணிபுரியும் நிதி மையமாக அது வளர்ந்தது.

1998 மார்ச் 31இற் கூட்டுத்தாபனம் தன் பணியை முடித்துக்கொண்டபோது வெளியிட்ட கணக்குகள் கவனத்திற்குரியன. வேலைவாய்ப்பு 27,000 இலிருந்து 85,000 ஆக உயர்ந்திருந்தது. மக்கள் தொகை 80,000ஐத் தாண்டியிருந்தது. 24,000 வரையிலான புதிய வீடுகள் எழுந்திருந்தன. பொது முதலீடு 1.86 பில்லியன் பவுண். தனியார் முதலீடு 7.7 பில்லியன் பவுண். கூட்டுக் குழு சாதிக்க இயலாததைக் கூட்டுத்தாபனம் சாதித்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் சந்தையின் ஆற்றலாலேயே இது நிகழ்ந்தது என்னும் விளக்கம் அக்கணக்குகளாலேயே கேள்விக்குள்ளாகின்றது. பொது முதலீட்டுக்கு அப்பால், வரிச் சலுகைகளால் அரசு இழந்த வருவாயும் உண்டு. 1993இல் திறக்கப்பட்ட லைம்ஹவுஸ் சுரங்கவீதி ஏறத்தாழ ஒரு மைல் நீளமே கொண்டது; அதற்கு 29 கோடி பவுண் வரை செலவாகியது. அதன் பொருட்டு ஐந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. 1828இன் புனித கதரின் குடிகளைப் போலன்றி இவர்களுக்கு மாற்று வீடு கிடைத்தது. அதுவும் உள்ளூராட்சி மன்றம் பேரம்பேசிப் பெற்றதாகும்.

வாசிகளின் எதிர்ப்பும் பிளவும்

மக்கள் வாளாவிருக்கவில்லை. விமான நிலையத் திட்டத்துக்கு மாற்றாக 1983இல் நியூஹாம் வாசிகள் ‘றோயல் துறைகளுக்கான மக்கள் திட்டம்’ என ஒன்றைத் தயாரித்தனர். துறையில் வேலை, வீடு, சிறுவர் பராமரிப்பு ஆகியவற்றை அது கோரியது. 1984இற் படகுகளில் அணிவகுத்துத் தேம்ஸ் வழியே பாராளுமன்றத்திற்குச் சென்றனர். 1986இற் கனேரி வார்ஃப் தொடர்பான விழாவொன்றிற் செம்மறியாடுகளையும் தேனீக்களையும் அவிழ்த்துவிட்டு விருந்தினரைக் கலைத்தனர். ஆனால் அதே ஆண்டிற் பெரும் இலண்டன் மாநகர மன்றமே கலைக்கப்பட, மக்கள் திட்டங்களுக்கு ஆதரவளித்த நிறுவனமும் இல்லாது போயிற்று.

வந்த வேலைகளின் தன்மையும் நோக்கற்பாலது. அவற்றுட் பெரும் பங்கு இலண்டனின் வேறு பகுதிகளிலிருந்து இடம்மாறியவை. பழைய இலண்டன் துறை நிலத்தில் வொப்பிங்கில் எழுந்த அச்சகத்திற்கு 1986 ஜனவரியில் நான்கு தேசியப் பத்திரிகைகள் மாறியபோது, வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 5,500 தொழிலாளர் பணிநீக்கப்பட்டனர். ஓராண்டு நீடித்த மறியல் தோல்வியில் முடிந்தது. 1947ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் திட்டமும் 1989இல் நீக்கப்பட்டது. கப்பல் மேடையிற் சுமை தூக்கிய ஒருவர் நாணயச் சந்தை அலுவலகத்தில் உடனே பணிபெறுதல் இயலாது. அவர்தம் பிள்ளைகளை அதற்கெனப் பயிற்றும் ஏற்பாடுகள் காலந்தாழ்த்தியே வந்தன.

இப்பற்றாக்குறையின் அரசியல் விளைவு 1993 செப்டெம்பரில் வெளிப்பட்டது. மில்வோல் வட்டாரத்தின் இடைத்தேர்தலில் இனவாதக் கட்சியாகிய பிரித்தானிய தேசியக் கட்சி ஏழு வாக்குகளால் வென்றது. பூர்விக வெள்ளையின வாசிகளுக்கும் வங்காளதேசக் குடியேறிகளுக்கும் இடையே மன்ற வீடுகளுக்கான போட்டியே அதன் பிரசாரப் பொருள். ஆயிரக்கணக்கான புதிய வீடுகள் விற்பனைக்கு எழுந்த தீவில், வாடகை வீட்டுக்குக் காத்திருந்தோர் ஒருவரை ஒருவர் பகைத்தனர். மறு ஆண்டு மே மாதத் தேர்தலில் அக்கட்சி தோற்கடிக்கப்பட்டது. ஆயினும் மீளாக்கத்தின் பயன் பகிரப்படாதவிடத்து எழும் கசப்பு யார்மீது திருப்பப்படும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாக நிற்கின்றது. றோயல் துறைகளுக்கு வடக்கேயுள்ள ஈஸ்ற் ஹாமில் இலங்கைத் தமிழர் பலர் புலம்பெயர்ந்து குடியேறியுள்ளமையால், அப்பாடம் அவர்களுக்கும் உரியதாகும்.

பழைய மதிலும் புதிய எல்லையும்

கனேரி வார்ஃபின் வீதிகளும் சதுக்கங்களும் தனியார் உடைமையாகும். எவரும் அங்கு நடமாடலாம். ஆனால் அது உரிமையன்று, உரிமையாளரின் அனுமதியே. 2011 நவம்பரில், நிதி நிறுவனங்களை எதிர்த்த ‘ஒக்குப்பை’ இயக்கத்தினர் அங்கு ஒன்றுகூடுவதைத் தடுக்கும் நீதிமன்ற ஆணையை உரிமையாளர் பெற்றுக்கொண்டனர். 1802இன் மதில் பெரும்பாலும் இன்றில்லை. அதன் தொழிற்பாட்டின் ஒரு பகுதியைச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது எனலாம்.

பழமை முற்றாக அழிக்கப்படவுமில்லை. மேற்கிந்தியத் துறையின் சீனிப் பண்டகசாலையொன்றில் 2003இல் நூதனசாலை திறக்கப்பட்டது. அதன் முன்னே நின்ற மில்லிகனின் சிலை 2020 யூனில் அகற்றப்பட்டது. பட்லேர்ஸ் வார்ஃப் 1972இல் மூடப்பட்டு, 1980களிற் தொடர்மாடிகளாகவும் உணவகங்களாகவும் மாற்றப்பட்டது. அங்குள்ள கட்டடங்கள் கறுவா, ஏலம், கராம்பு எனப் பெயர் பூண்டுள்ளன. பண்டங்களின் பெயர் நிலைத்தது. அவற்றைப் பறித்தோரும் சுமந்தோரும் பெயரின்றி மறைந்தனர். 1998 யூன் 29இல், கூட்டுத்தாபனம் கலைக்கப்பட்டு மூன்று மாதங்களின் பின், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடைபெற்ற இலண்டன் தேயிலை ஏலமும் முடிவுற்றது. அதன் இறுதி விற்பனைப் பெட்டியில் இருந்தது இலங்கைத் தேயிலையே.

ஹம்பர்க்கின் அனுபவம்

மீளாக்கம் வேறு வழியாலும் நிகழக்கூடும் என்பதை ஹம்பர்க் நகரின் ஹாபன்சிற்றி உணர்த்துகின்றது. 1997இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டம் 157 ஹெக்டெயர் துறைநிலத்தைத் தழுவியது. நிலத்தின் பெரும்பகுதி நகரின் உடைமையாக இருந்தது. நகருக்குச் சொந்தமான நிறுவனமொன்றே அதனைத் துண்டு துண்டாக, பயன்பாடு பற்றிய நிபந்தனைகளுடன் விற்றது. தொடக்கத்தில் வசதிபடைத்தோரின் குடியிருப்பு எனக் கண்டிக்கப்பட்டபோது, பின்னைய கட்டங்களில் மூன்றிலொரு பங்கு வீடுகள் மானிய வாடகைக்குரியனவாக அமைய வேண்டும் என விதிக்க நகரால் முடிந்தது. 2017இல் திறக்கப்பட்ட இசை மண்டபத்தின் செலவு பன்மடங்காகப் பெருகியமை போன்ற குறைகள் அங்கும் உண்டு. ஆனால் தவற்றைத் திருத்தும் அதிகாரம் வாக்களிக்கும் மக்களுக்குப் பொறுப்புக் கூறவேண்டிய அமைப்பிடமே இருந்தது. இதுவே இலண்டனுக்கும் ஹம்பர்க்குக்கும் இடையேயான அடிப்படை வேறுபாடாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, பழைய துறைகளின் மூடல் தொழினுட்ப மாற்றத்தின் விளைவு. அது தவிர்க்க முடியாததாகவே இருந்தது. அதன்பின் எழுந்த நகரின் வடிவம் அவ்வாறானதன்று. அது 1980இன் சட்டத்தாலும் வரிக் கொள்கையாலும் நில உடைமையாலும் தீர்மானிக்கப்பட்டது. இரண்டாவதாக, ஒரே தொழிலை நம்பிய துறை ஒருமுறை வீழ்ந்தமை போல, ஒரே தொழிலை நம்பிய நகரும் தளரக்கூடும். 2020இன் பெருந்தொற்றுக்குப் பின் வீட்டிலிருந்து பணிபுரிதல் பரவியதும், 2023இல் எச்.எஸ்.பி.சி. வங்கி தன் தலைமையகத்தைக் கனேரி வார்ஃபிலிருந்து மாற்றப்போவதாக அறிவித்ததும் இதனை நினைவூட்டின. மூன்றாவதாக, மீளாக்கத்தின் வெற்றி நிலத்தின் விலையாலன்றி, அங்கு முன்னர் வாழ்ந்தோரின் பிள்ளைகள் அங்கேயே வாழவும் உழைக்கவும் இயலுமா என்பதனாலேயே அளக்கப்படவேண்டும்.

இவ்வாய்வு இலங்கைக்கும் பொருத்தமுடையது. கொழும்புத் துறைமுகத்தை அடுத்துக் கடலிலிருந்து மீட்கப்பட்ட 269 ஹெக்டெயர் நிலத்திற்கு 2021ஆம் ஆண்டின் சட்டமொன்றின் மூலம் தனியான ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அது கைவிடப்பட்ட துறையன்று, புதிய நிலம். ஆயினும் நியமனம் பெற்ற ஆணைக்குழு, வரிச் சலுகை, நிதி நிறுவனங்களுக்கான அழைப்பு ஆகியவற்றில் டொக்லண்ட்ஸின் சாயலைக் காணலாம். அந்நிலத்திற்காகக் கடலில் மணல் அகழப்பட்டபோது நீர்கொழும்புக் கரையின் மீனவர் எழுப்பிய குரல், ஐல் ஒவ் டோக்ஸ் வாசிகள் பாலத்தை மறித்து எழுப்பிய குரலினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. வரைபடத்தில் வெற்றிடமாகத் தோன்றும் கரையில் ஏற்கெனவே யார் வாழ்கின்றனர், எதனைக் கொண்டு வாழ்கின்றனர் என்பதைக் கணக்கிலெடுத்த பின்னரே திட்டம் தீட்டப்படவேண்டும். இலண்டனில் அக்கணக்கு இறுதியிலேயே எடுக்கப்பட்டது.